கட்டில் யாருக்கு, காணி யாருடையது? இடைக்கால அற மருத்துவமனைகள்

இங்கிலாந்தின் வடபகுதியில் டரம் நகரை அடுத்த ஷெர்பர்னில் 1181ஆம் ஆண்டு வாக்கில் டரம் ஆயர் ஒரு தொழுநோயாளர் இல்லம் கட்டினார். 65 பேருக்கு இடம். அதற்கேற்ற நிலங்கள், வருமானம். இரண்டரை நூற்றாண்டு கழித்து, 1434இல், அதே இல்லத்துக்குப் புது விதிகள் வகுத்தார்கள். இனி 13 ஏழைகள் இருப்பார்கள்; கூடவே இரண்டு தொழுநோயாளிகள், அதுவும் அப்படி யாராவது கிடைத்தால். நோய் அருகிவிட்டது, நிலம் அருகவில்லை. 65 பேருக்கென்று எழுதி வைத்த வருமானம் இத்தனை காலமும் யார் வயிற்றுக்குப் போனது என்று யோசிக்கத் தொடங்கினால், இடைக்கால மருத்துவமனைகளைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சற்றே மாறிப்போகும்.

வழக்கமான கேள்வி, அங்கே நோய் குணமானதா என்பது. இதற்கு இரண்டு வகை பதில்கள் நெடுங்காலமாகப் புழங்கி வந்தன. நவீன மருத்துவத்தின் வெற்றியில் திளைத்த பழைய வரலாற்றாசிரியர்கள், அந்த மருத்துவமனைகள் சாகக் கிடப்பவர்களைப் போட்டு வைக்கும் கூடங்கள்தாம் என்று தள்ளிவிட்டார்கள். பக்தி மிகுந்தவர்களும் தேசப் பெருமை பேசுபவர்களும் அவற்றை இன்றைய பொது மருத்துவமனைகளின் முன்னோடிகளாக்கிப் புகழ்ந்தார்கள். கடந்த அரை நூற்றாண்டில் கணக்கேடுகளைப் பிரித்துப் படித்தவர்களும் இடுகாடுகளைத் தோண்டியவர்களும் இந்த இரண்டையும் கலைத்துப் போட்டிருக்கிறார்கள். என் பார்வையில், இரு தரப்பும் அந்த ஆவணங்கள் சொல்ல வராத ஒன்றை அவற்றிடம் கேட்டுக்கொண்டிருந்தன. நோயைப் பற்றி அவை பேசுவது கொஞ்சம். ரொட்டி, மெழுகுவத்தி, விறகு, துணி, குத்தகை, நேர்த்திப் பூசை ஆகியவற்றைப் பற்றித்தான் ஓயாமல் பேசுகின்றன. யாரை உள்ளே விட்டார்கள், யார் உழைப்பில் அது நடந்தது, எழுதி வைத்த வாக்கு எத்தனை தலைமுறை தாங்கியது என்று கேட்டால் அவை வாய் திறக்கின்றன.

முதலில் உள்ளே சென்று பார்ப்போம். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் போன் என்ற சிறு நகரம். பர்கண்டிக் கோமகனின் தலைமை அமைச்சர் நிக்கோலா ரோலினும் அவர் மனைவி கிகோனும் 1443இல் அங்கே ஒரு மருத்துவமனைக்கு ஆவணம் எழுதினார்கள். நூறாண்டுப் போர் அந்த வட்டாரத்தைச் சூறையாடி ஓய்ந்துகொண்டிருந்த சமயம். 1452 சனவரி முதல் நாள் முதல் நோயாளி வந்து சேர்ந்தார். கப்பலைக் கவிழ்த்து வைத்தது போன்ற மரக்கூரையின் கீழே நீண்ட கூடம். இரு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள். கூடத்தின் கோடியில் சிற்றாலயம். படுத்த இடத்திலிருந்தே பூசை காணலாம். பீடத்துக்கு மேலே ரோகியர் வான் டெர் வெய்டன் தீட்டிய பல மடிப்பு ஓவியம் இருந்தது. சாதாரண நாட்களில் அது மூடியிருக்கும். அப்போது நோயாளிகள் கண்ணில் படுவது, மண்டியிட்டு வேண்டும் ரோலினும் அவர் மனைவியும், அவர்களோடு கொள்ளைநோய்க்கு வேண்டிக்கொள்ளும் புனித செபஸ்தியாரும், தோலை எரிக்கும் ஒரு கொடிய நோய்க்கு வேண்டிக்கொள்ளும் புனித அந்தோனியாரும். ஞாயிறுகளிலும் திருநாட்களிலும் மடிப்புகளைத் திறப்பார்கள். நடுவில் தராசு ஏந்திய மிக்கேல் சம்மனசு, ஆன்மாக்களை நிறுத்துக்கொண்டிருப்பார். ஒரு பக்கம் மோட்சம், மறு பக்கம் நரகம்.

காய்ச்சலில் கிடப்பவன் எதிரே நரகத்தைத் திறந்து காட்டுவது நமக்குக் கொடுமையாகத் தோன்றும். அந்தக் காலத்து நம்பிக்கையில் அதுவும் சிகிச்சையே. ஆன்மா தேறினால் உடல் தேறும். தேறாவிட்டாலும் நல்ல சாவு வாய்க்கும். இங்கிலாந்தின் இடைக்கால மருத்துவமனைகளை ஆராய்ந்த கேரல் ராக்ளிஃப், நாரிச் நகரின் புனித ஜைல்ஸ் மருத்துவமனை குறித்த தம் நூலுக்கு ‘ஆன்மாவுக்கான மருந்து’ என்ற பொருளில் தலைப்பு வைத்தது இதனால்தான். 1249இல் ஆயர் வால்டர் சஃபீல்ட் நிறுவிய அந்த இல்லத்தில் நோயுற்ற ஏழைகளுக்கு 30 படுக்கைகள். தினமும் 13 ஏழைகளுக்குச் சாப்பாடு. பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகள் ஏழு பேருக்கும் உணவு. மருத்துவருக்கு இடம் ஒதுக்கியதாகத் தெரியவில்லை. குருக்களுக்கு இடம் இருந்தது. கதகதப்பு, சுத்தமான விரிப்பு, நேரத்துக்குச் சூடான கஞ்சி, பேச்சுத்துணை, இவற்றைக் கவனித்துக்கொள்ளும் சகோதரிகள்: பசியாலும் குளிராலும் பாதி நோய் வரும் ஊரில் இந்த ஏற்பாட்டை மருத்துவமல்ல என்று ஒதுக்குவது அவசரம்.

கொடையாளிக்கும் இதில் லாபம் உண்டு. இறந்தவர் ஆன்மா உத்தரிக்கும் ஸ்தலத்தில் வேகும் காலத்தைக் குறைக்க, உயிரோடு இருப்பவர்களின் செபம் வேண்டும். ஏழையின் செபம் கடவுள் காதில் விரைவாக ஏறும் என்பது நம்பிக்கை. கட்டிலில் கிடந்தவர் ரொட்டிக்கு ஈடாகக் கொடையாளிக்காக வேண்டிக்கொள்ளக் கடமைப்பட்டவர். இதைப் பண்டமாற்று என்று ஏளனம் செய்யலாம். ஆனால், ஏழையிடமும் விலைமதிப்புள்ள ஒன்று இருக்கிறது என்று அந்தச் சமூகம் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிந்திய பல நிவாரணத் திட்டங்களில் அந்த மரியாதை கிடையாது.

இந்த மரியாதை உச்சத்துக்குப் போனது எருசலேமில். சிலுவைப்போர்க் காலத்தில் புனித யோவான் சபையினர் அங்கே நடத்திய மருத்துவமனையைப் பார்த்த யாத்ரீகர்கள் மலைத்துப் போயிருக்கிறார்கள். 1160களில் வந்த வூர்ட்ஸ்பர்க் யோவான், ஒரே சமயத்தில் 2000 நோயாளிகள் வரை இருந்ததாக எழுதினார். யாத்ரீகர்கள் தரும் எண்ணிக்கையை நான் அப்படியே நம்ப மாட்டேன். சபையின் விதிகள் அதைவிட நம்பகமானவை. நோயாளிகளை எசமானர்கள் என்றே அழைக்க வேண்டும், சகோதரர்கள் அவர்களுக்கு ஊழியர்கள். 1182ஆம் ஆண்டு விதிகள் நான்கு மருத்துவர்களை நியமிக்கச் சொல்கின்றன. இரவில் வெளிக்குப் போகும் நோயாளிக்கு மேலாடையும் காலணியும் தரச் சொல்கின்றன. யாத்திரை வந்த இடத்தில் பிள்ளை பெறும் பெண்களின் குழந்தைகளுக்குத் தனித் தொட்டில் செய்யச் சொல்கின்றன, தாயின் புரண்ட உடம்பில் குழந்தை நசுங்காதிருக்க. யாரோ ஒருவர் இதையெல்லாம் இரவில் விழித்திருந்து பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். முஸ்லிம்களையும் யூதர்களையும்கூட அங்கே சேர்த்துக்கொண்டதாக 12ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. வாளெடுத்த சபை அது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

மருத்துவர் இருப்பதுதான் மருத்துவமனைக்கு அடையாளம் என்றால் கிழக்கே போக வேண்டும். கான்ஸ்டாண்டிநோபிளில் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் யோவான் 1136இல் பான்டொக்ராட்டர் மடத்துக்கு எழுதிய சாசனம் 50 படுக்கைகளைப் பிரிவு பிரிவாகப் பகுக்கிறது: காயம், எலும்பு முறிவுக்கு 10, கண், குடல் நோய்களுக்கு 8, பெண்களுக்கு 12, மற்றவர்களுக்கு 20. பெண்கள் பிரிவில் பெண் மருத்துவரும் உண்டு. சாசனத்தில் எழுதியது அத்தனையும் நடைமுறைக்கு வந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். டமாஸ்கஸைப் பொறுத்தவரை நேரில் கண்ட சாட்சி இருக்கிறது. 1184இல் அங்கே போன பயணி இப்னு ஜுபைர், ஆட்சியாளர் நூருத்தீன் 1154இல் நிறுவிய மருத்துவமனையில் நோயாளிகளின் பெயர்களையும் அவர்களுக்கு வேண்டிய மருந்து, உணவுச் செலவையும் பதிவேட்டில் எழுதியதையும், மருத்துவர்கள் காலையில் சுற்றி வந்து பார்த்ததையும், மனநோயாளிகளைச் சங்கிலியிட்டு வைத்திருந்ததையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார். அந்த மருத்துவமனையைப் பற்றி பிற்காலத்தில் ஒரு கதை உலவியது. சாப்பாட்டின் ருசிக்கு ஆசைப்பட்டு ஒரு பாரசீகப் பயணி நோயாளி போல நடித்துப் படுத்துக்கொண்டாராம். நாடி பிடித்தவுடனே புரிந்துகொண்ட மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் மூன்று நாள் நல்ல விருந்து போட்டு, நான்காம் நாள் சீட்டு அனுப்பினாராம்: விருந்தாளிக்கு மூன்று நாள்தான்.

அந்த டமாஸ்கஸ் மருத்துவமனையின் மருந்தால் இளமையில் பிழைத்தவர் என்று சொல்லப்படும் மம்லூக் சுல்தான் கலாவூன், 1284இல் கெய்ரோவில் மன்சூரி மருத்துவமனையைக் கட்டினார். அதன் வக்ஃபு (அறக்கொடை) ஆவணம் ஆண், பெண், பணக்காரர், ஏழை, உள்ளூரார், வெளியூரார் என்று யாரையும் விலக்கவில்லை. தங்குவதற்குக் கெடு வைக்கவில்லை. இறந்தால் அடக்கச் செலவும் அதில் உண்டு. கோடையில் நோயாளிகளுக்குப் பனையோலை விசிறி வாங்கவும் பணம் ஒதுக்கியிருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். காஞ்சிபுரத்தை அடுத்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு, ஏறத்தாழ 1068ஆம் ஆண்டினது, ஒரு ஆதுலசாலையை, அதாவது மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. பெயர் வீரசோழன். கிடக்கைகள் 15. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும்; அறுவை செய்பவருக்கு 30 கலம்; மூலிகை, விறகு கொண்டுவந்து மருந்து செய்யும் இருவருக்கு 60 கலம்; பணிவிடைப் பெண்கள் இருவருக்கு 30 கலம்; நாவிதருக்கும் தண்ணீர் கொண்டுவருபவருக்கும் பங்கு; நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய அரிதகி லேகியங்கள், தைலங்கள், பழைய நெய் என்று இருபது மருந்துகளைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. நாரிச் சாசனத்தை எழுதியவருக்கு இந்தப் பட்டியலைக் காட்டியிருந்தால் வாய் பிளந்திருப்பார்.

ஆனால் மேடைகளில் இதைச் சோழர் காலப் பொது மருத்துவமனை என்று முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த ஆதுலசாலை கோயில் வளாகத்தில் இயங்கிய வேத பாடசாலையோடும் மாணவர் விடுதியோடும் பிணைந்தது. அங்கே படித்தவர்கள், பணியாற்றியவர்களின் நலத்துக்கென்றே அதைக் கொள்ள வேண்டும். மாணவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் கல்வெட்டு ஏற்பாடு செய்கிறது. பாலாற்றங்கரையில் நாற்று நட்டவர் காய்ச்சலோடு வந்து நின்றால் அந்தப் பதினைந்து கிடக்கைகளில் ஒன்று கிடைத்திருக்குமா என்பதற்குக் கல்வெட்டில் ஆதாரம் இல்லை. வைத்தியருக்கு அளந்த 90 கலம் நெல் மட்டும் அந்த நாற்று நட்டவர் போன்றவர்களின் வயலிலிருந்து வந்தது.

அளந்தவர் யார் என்ற கேள்வியை உலகெங்கும் கேட்கலாம். கம்போடியாவில் மன்னர் ஏழாம் ஜெயவர்மன் 102 மருத்துவமனைகளை நிறுவியதாக 1186ஆம் ஆண்டின் தா புரோம் கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. அவற்றுக்குப் படியளக்க 838 ஊர்கள் கட்டுப்பட்டிருந்தன என்பதையும் அதே கல்வெட்டு அதே பெருமையோடு சொல்கிறது. இங்கிலாந்தின் யார்க் நகரில் இருந்த புனித லியோனார்ட் மருத்துவமனை 200க்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தாங்கிய பெரிய நிறுவனம். வட இங்கிலாந்தில் உழவு நடக்கும் ஒவ்வொரு ஏருக்கும் ஆண்டுக்கு இத்தனை கதிர்க்கட்டு என்று அதற்கு உரிமை இருந்தது. குடியானவர்கள் தர மறுத்து வழக்காடினார்கள். 1469இல் ஹோல்டர்னஸ் ராபின் என்ற புனைபெயரில் ஒருவர் நடத்திய கலகத்துக்கு இந்தக் கதிர் வரியும் ஒரு காரணம் என்பார்கள். கெய்ரோவில் மன்சூரி எழுந்தபோது வழிப்போக்கர்களைப் பிடித்துக் கல் சுமக்க வைத்ததாக வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். இப்படி எழுப்பிய கட்டடத்தில் தொழலாமா என்று அறிஞர்கள் சிலர் தயங்கினார்களாம். போன் நகரின் ரோலினைப் பற்றி பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயி அடித்ததாகச் சொல்லும் கிண்டலும் இதே இடத்தில்தான் குத்துகிறது: இத்தனை பேரை ஏழையாக்கியவர் அவர்களுக்கு ஒரு மருத்துவமனை கட்டித் தருவது நியாயம்தானே. அறமும் சுரண்டலும் ஒரே கணக்கேட்டின் வரவும் செலவுமாக இருந்தன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கிற வரலாறு பாதி வரலாறுதான்.

சரி, கட்டில் யாருக்குக் கிடைத்தது? இதற்கு இப்போது எலும்புகள் பதில் சொல்கின்றன. கேம்பிரிட்ஜில் 1195 வாக்கில் ஊர்க்காரர்கள் தொடங்கிய புனித யோவான் மருத்துவமனை 1511இல் மூடப்பட்டு, அதே இடத்தில் அதே பெயரில் கல்லூரி எழுந்தது. கல்லூரி வளாகத்தில் அகழாய்வு நடந்தபோது மருத்துவமனையின் இடுகாட்டில் சுமார் 400 பேரின் எலும்புகள் கிடைத்தன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் ராப் குழுவினர் அவற்றை ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த இல்லத்தில் ஒரு சமயத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் தங்க முடியாது. ஊரிலோ ஏழைகள் ஏராளம். எனவே தேர்வு நடந்தது. எந்த அடிப்படையில்?

கிடைத்த உடல்களில் வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத பிள்ளைகள் இருந்தார்கள், எலும்பில் காசநோயின் தடம், இரத்தச்சோகையின் தடம், அநாதைகளாக இருந்திருக்கலாம். நெடுங்காலக் காசநோயாளிகள் இருந்தார்கள். இளமையில் இறைச்சியும் மீனுமாக நன்றாகச் சாப்பிட்டு, பின்னாளில் அந்த வசதி போய்விட்டதைப் பல்லும் எலும்பும் காட்டிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள்: வாழ்ந்து கெட்டவர்கள், கை நீட்டக் கூசியவர்கள். உடலுழைப்பால் தடிக்காத கை எலும்புகளோடு சிலர். பல்கலைக்கழகத்தின் தொடக்க கால அறிஞர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மிகவும் நொந்தவர்களுக்கு மட்டும் என்றோ, நல்லவர்களுக்கு மட்டும் என்றோ ஒற்றை விதி தெரியவில்லை. பல வகைத் துன்பத்திலிருந்தும் ஒவ்வொருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு கூட்டத்தை அமைத்தது போல இருக்கிறது. இன்னொன்று: அந்த மருத்துவமனையின் விதிகள் கர்ப்பிணிகளையும், தொழுநோயாளிகளையும், காயம்பட்டவர்களையும், முடவர்களையும், மனநிலை பிறழ்ந்தவர்களையும் சேர்க்கக் கூடாதென்றன. எருசலேமில் தொட்டில் கட்டிய அதே மதம், கேம்பிரிட்ஜில் கதவைச் சாத்தியது. பத்துக் கட்டிலுக்கும் ஆயிரம் கட்டிலுக்கும் உள்ள வேறுபாடு இது. மனத்தின் ஈரத்தை இதில் அளக்க முடியாது.

தொழுநோயாளர் இல்லங்களைப் பற்றிய பழைய சித்திரமும் இதே போல் மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் மட்டும் 11ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1350 வரை குறைந்தது 320 இல்லங்கள் இருந்தன. ஊருக்கு வெளியே தள்ளி வைத்த சிறைகள் அவை என்று படித்து வளர்ந்தோம். ஊருக்கு வெளியேதான், ஆனால் பெரும்பாலும் சாலையோரத்தில், வாயிலருகே, போகிறவர் வருகிறவர் காசு போடும் இடத்தில். வின்செஸ்டரில் புனித மகதலேனா இல்லத்து இடுகாட்டில் உடல்களை ஒவ்வொன்றாக, ஒழுங்காக அடக்கம் செய்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு வாலிபனின் உடலருகே சிப்பி ஓடு ஒன்றும் கிடைத்தது. ஸ்பெயினின் சந்தியாகு யாத்திரை போய் வந்தவர்கள் அணியும் அடையாளம் அது.

மருத்துவமனை என்று நாம் சொல்லும் நிறுவனம் செய்த வேலைகளில் நோயாளிகளைக் கவனிப்பது ஒரு பங்குதான். இத்தாலியின் சியன்னா நகரில், பேராலயத்துக்கு எதிரே உள்ள சாந்தா மரியா தெல்லா ஸ்காலா மருத்துவமனையின் கூடத்தில் 1440களில் தொமெனிக்கோ தி பர்த்தோலோ தீட்டிய சுவரோவியங்கள் அந்த வேலைகளை வரிசையாகக் காட்டுகின்றன. ஒன்றில் மருத்துவர்கள் சிறுநீர்க் குப்பியை உயர்த்திப் பார்க்கிறார்கள். தொடையில் ஆழமான வெட்டோடு ஒருவன் அமர்ந்திருக்கிறான். ஒரு குரு பாவசங்கீர்த்தனம் கேட்கிறார். முன்னால் நாயும் பூனையும் சண்டைக்கு நிற்கின்றன. மற்ற ஓவியங்களில் ரொட்டி கொடுக்கிறார்கள், கைவிடப்பட்ட குழந்தைகளுக்குப் பாலூட்டுகிறார்கள், வளர்த்த பெண்ணுக்குச் சீர் கொடுத்துக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். புளோரன்சில் குழந்தைகளுக்கென்றே பட்டு வணிகர் சங்கம் தனி இல்லம் கட்டியது. 1445 பிப்ரவரி 5 அன்று வந்த முதல் குழந்தைக்கு, அன்று புனித ஆகத்தாள் திருநாள் என்பதால், ஆகத்தா என்று பெயரிட்டார்கள். அதே நகரின் சாந்தா மரியா நுவோவா, கவிஞர் தாந்தேயின் பெயாத்ரீச்சேயுடைய தந்தை எனக் கருதப்படும் ஃபோல்கோ போர்த்தினாரி 1288இல் நிறுவியது, காலப்போக்கில் பணம் போட்டு வைக்கும் இடமாகவும் ஆனது. லியனார்தோவும் மிக்கேலாஞ்சலோவும் அங்கே கணக்கு வைத்திருந்தார்கள். மருத்துவர்கள் வந்து பார்த்த இந்த மருத்துவமனையின் ஏடுகளில், சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் உயிரோடு வெளியேறியிருக்கிறார்கள். சாவுக் கூடம் என்ற பழிக்கு இதைவிட நேரான மறுப்பு கிடையாது.

பெருந்துயர் வந்தால் இந்த ஏற்பாடு ஒடிந்தது. லண்டனில் 1197இல் தொடங்கிய புனித மரியா ஸ்பிட்டல் மருத்துவமனையின் இடுகாட்டிலிருந்து 10,000க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அடுக்கடுக்காக உடல்களைப் போட்ட குழிகளைக் கண்டதும் 1348இன் கொள்ளைநோய் என்றுதான் எண்ணினார்கள். காலக்கணிப்பு நூறாண்டு முந்தியதாக வந்தது. 1257இல் இந்தோனேசியாவின் சமாலாஸ் எரிமலை வெடித்ததை ஒட்டிய பஞ்சத்தோடு அவற்றைச் சிலர் இணைக்கிறார்கள். எங்கோ ஒரு மலை வெடித்து இங்கே கதிர் முற்றாமல் போனால், கதிரை நம்பிய மருத்துவமனைக்கு மிஞ்சுவது புதைக்கும் வேலைதான்.

அன்றாட நோய் வேறு. அது உள்ளேயிருந்து அரித்தது. மொத்தமாகப் பணம் கட்டி ஆயுள் முழுதும் உணவும் உறைவிடமும் வாங்கிக்கொள்ளும் வழக்கம் பரவியது. மன்னர்கள் ஓய்வுபெற்ற தங்கள் ஊழியர்களை இலவசமாக அங்கே அனுப்பி வைத்தார்கள். ஏழையின் கட்டிலில் வசதி படைத்தவர் படுத்தார். 1414இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இந்தச் சீர்கேட்டை விசாரிக்கச் சட்டம் போட்டது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. புதிதாகக் கொடை தந்தவர்கள் வேறு வழி தேடினார்கள்: பெரிய கூடங்களை விட்டுவிட்டு, 13 நல்ல ஏழைகளுக்குத் தனி அறைகள் கொண்ட சிறு இல்லங்கள். லண்டன் மேயர் விட்டிங்டன் விட்டுச் சென்ற பணத்தில் 1424இல் எழுந்தது அந்த வகை. வழியில் விழுந்து கிடப்பவனுக்கு அவற்றில் இடமில்லை.

பிறகு இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தார். அவற்றோடு பல மருத்துவமனைகளும் போயின. 1538இலேயே லண்டன் மேயர் ரிச்சர்ட் கிரெஷம், நோயாளிகளும் ஏழைகளும் தெருவில் கிடப்பதைச் சொல்லி, மருத்துவமனைகளை நகரத்திடம் ஒப்படைக்க மன்னருக்கு விண்ணப்பித்தார். பதில் வருவதற்குள் 180 படுக்கைகள் கொண்ட ஸ்பிட்டல் மூடப்பட்டது. புனித பர்த்தலோமேயு மருத்துவமனை ஹென்றியின் கடைசி நாட்களில் நகரத்துக்குத் திரும்பியது. அதை நடத்த நகரசபை முதலில் கோயில்களில் காணிக்கை திரட்டிப் பார்த்தது, போதவில்லை. உத்தரிக்கும் ஸ்தலமே இல்லை என்று அரசு சொல்லிவிட்ட பிறகு ஏழையின் செபத்துக்காக யார் நிலம் எழுதி வைப்பார்கள்? 1547இல் லண்டன் குடிமக்கள் மீது ஏழைகளுக்கென்று கட்டாய வரி விதித்தார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒரு வரி வந்தது அதுவே முதல் முறை.